பைன் பலகையில் ஒரு காட்டுமாடு

உளியும் உப்புத்தாளும் – 9

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தால், பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊர் கிளாவரை. அதற்கு மேல் காடு. காட்டைத் தாண்டினால் கேரளத்து வட்டவடை. சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். இந்தத் தொடரைப் படித்துவிட்டு அந்த ஊர் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம்.

"அண்ணே, ஸ்குரோல் சா மிஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். மன்னவனூர் ஏரிக்கு வர்றவங்களுக்குச் சின்னச் சின்ன பொம்மை செஞ்சு விக்கலாம். எந்த மிஷின் நல்லது?"

"மிஷின் இருக்கட்டும் தம்பி. எந்த மரத்துல செய்யப் போறீங்க?"

"பிளைவுட்தான். கீழ இருந்து வாங்கிட்டு வரணும்."

பைனும் யூகலிப்டஸும் வாட்டிலும் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு சாண் பலகைக்கு மலையிறங்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேற்குப் பழனிமலையில் இந்த மரங்களைத் தச்சு வேலைக்கான மரமாக யாரும் பார்த்துப் பழகவில்லை. பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது, மற்ற இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலையும், கூழுக்காக யூகலிப்டஸையும் புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டார்கள். சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் அதனால் நேர்ந்த சேதம் பெரிது, அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இன்று அந்த மரங்களை அகற்றிப் பழைய புல்வெளியை மீட்க வேண்டும் என்ற பேச்சு அரசாங்கம் வரைக்கும் போயிருக்கிறது. அப்படி வெட்டப்படுகிற மரம் விறகாகவும் கூழாகவும் மட்டும் போய் முடியக்கூடாது என்பது என் ஆசை.

அதற்காகக் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட வேண்டாம். இந்த மலையில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டுவதற்கே அனுமதி வாங்க வேண்டும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் வந்துவிட்டது. காட்டுக்குள் விழுந்து கிடக்கும் கிளையும் காட்டுக்குத்தான் சொந்தம். நமக்கு வேண்டியது மர அறுவை மில்லில் மிஞ்சும் துண்டு, முறைப்படி ஏலத்தில் எடுத்தவரிடம் கிடைக்கும் கழிவுப் பலகை, இடித்த வீட்டின் பழைய சட்டம். பொம்மை செய்ய ஒரு அடிக்கு அரை அடி துண்டு போதும்.

சமவெளியில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வழி உண்டு. வெளிநாட்டிலிருந்து சரக்கு வரும் மரத்தட்டுகளைப் பிரித்துப் பைன் பலகையாகக் கோவையிலும் சென்னையிலும் விற்கிறார்கள். அந்தத் தட்டில் ஒரு முத்திரை சூடு போட்டதுபோல் பதிந்திருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தில் பூச்சி நீக்கியது, வாங்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள்.

துண்டு கிடைத்ததும் ரம்பத்தைத் தேடாதீர்கள். முதலில் அது காய வேண்டும். மரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற பொருள். பனிமூட்டம் சூழ்ந்து காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நிற்கும் நாட்களில், நன்றாகக் காய்ந்த மரமும் தன் எடையில் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு நீரை ஏற்றிக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதமாக இறங்கினால் அது 9 சதவீதத்துக்கு வந்துவிடும். நீர் இறங்கும்போது மரம் சுருங்கும். நீளவாக்கில் அது கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில் தெரியும், அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். கிளாவரையில் ஆடி மாதம் இறுக்கிப் பொருத்திய பெட்டி மூடி, சித்திரையில் மதுரைக்குப் போனால் தொளதொளவென்று ஆடுவது இதனால்தான். செய்தவர் கையில் கோளாறு இல்லை.

கிளாவரை வீடுகளில் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிடுவது இந்த மலையின் வழக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியதில் அந்தப் பக்குவத்துக்கும் பங்கு உண்டு. அதே பரணில், பூண்டுக்குப் பக்கத்தில், பலகைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் இடையே குச்சி கொடுத்து அடுக்குங்கள். வாரம் ஒருமுறை ஒரு துண்டை எடுத்துத் தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றதும் அது வேலைக்குத் தயார்.

இப்போது ரம்பம். ஸ்குரோல் சா என்பது ஒரு மெல்லிய கம்பி போன்ற பிளேடு மேலும் கீழும் ஓட, பலகையை நாம் திருப்பித் திருப்பிக் கொடுத்து வளைவுகளை அறுக்கும் இயந்திரம். மோட்டார் வருவதற்கு முன்பு இதே வேலையைக் கையில் பிடிக்கும் வளைவுச் சட்ட ரம்பம் செய்தது. மைசூரில் ஈட்டி மரப்பலகையில் யானையும் மயிலும் பதிப்பவர்கள் துண்டுகளை அறுப்பது இந்த வகை மெல்லிய ரம்பத்தால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காலால் மிதித்து ஓட்டும் வகையும் வந்தது. கிளாவரைத் தம்பிக்கு நான் சொன்னது கை ரம்பத்தைத்தான். சில நூறு ரூபாயில் முடியும், கரண்ட் வேண்டாம். பிளேடு நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும். ஆனால் உலோகத்துக்கானது பல் மிக நெருக்கமாக இருக்கும், மரத்துக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். பலகையின் கனத்துக்குள் எப்போதும் இரண்டு மூன்று பல்லாவது இருக்கிற மாதிரி பிளேடைத் தேர்ந்தெடுங்கள். 6 மில்லிமீட்டர் பலகைக்கு ஐந்தாம் நம்பர் பிளேடு சரியாக இருக்கும்.

பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இழுக்கும்போது வெட்ட வேண்டும். மேசை விளிம்பில் ஒரு தட்டையான கட்டையை முன்னால் நீட்டி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்தக் கட்டையின் நுனியில் 'வி' வடிவில் ஒரு வெட்டு இருக்கட்டும். பலகை அதன் மேல் படுத்திருக்க, ரம்பம் அந்த வெட்டுக்குள் செங்குத்தாக ஏறி இறங்கும். பிளேடை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இறுக்கம் போதவில்லை.

புதியவர்கள் எல்லோரும் மனம் சோர்கிற இடம் ஒன்று உண்டு. கோட்டின் மேல் நேராகத்தான் தள்ளுகிறோம், ஆனால் பிளேடு ஒரு பக்கமாக விலகிக்கொண்டே போகிறது. கை சரியில்லை என்று ரம்பத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். உண்மையில், தகட்டை அச்சில் வெட்டிச் செய்கிற பிளேடுகளில் பல்லின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிசிறு நிற்கும். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டும், பிளேடு அங்கே இழுக்கும். ஒரு வீண் துண்டில் நேர்க்கோடு போட்டு அறுத்து, எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ப ரம்பத்தையோ பலகையையோ சில டிகிரி திருப்பிப் பிடித்தால் கோடு தானாக நேராகும். பைனில் இன்னொரு தொந்தரவும் சேரும்: வளையத்தின் வெளிர்ப் பகுதி மெத்தென்றும் கருத்த வரி கெட்டியாகவும் இருப்பதால், பிளேடு கெட்டியானதை விட்டு மெத்தென்ற பகுதிக்கு வழுக்கப் பார்க்கும். அங்கே வேகத்தைக் குறைத்து, ரம்பத்தை அதன் போக்கில் நிறைய ஏற்றி இறக்கி, முன்னே தள்ளுவதை மட்டும் குறையுங்கள். பிசின் பிளேடில் ஒட்டும். பலகை மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டு அறுத்தால் வழுக்கலாக ஓடும்; வரைபடத்தையும் அதன் மேலேயே ஒட்டலாம்.

என்ன செய்வது? கிளாவரைக்காரர்கள் தினம் பார்க்கிற காட்டுமாடு. பக்கவாட்டு உருவம், நான்கு கால், திமிர்ந்த முதுகு, வளைந்த கொம்பு. முதல் வேலைக்கு இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மரத்தின் ரேகையைப் பற்றி இது எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும்.

கால்கள் மேலிருந்து கீழே போகின்றன. ரேகையும் அப்படியே போனால் கால் உறுதியாக நிற்கும். ரேகை குறுக்கே போனால், குழந்தை ஒரு தடவை கீழே போட்டதும் காலொன்று சடக்கென்று முறியும். ஆகவே ரேகை செங்குத்தாக வருமாறு படத்தை ஒட்டுகிறோம். கொம்பு அடியில் பக்கவாட்டில் கிளம்பி, பிறகு மேலே வளைகிறது. அடிப்பகுதியில் ரேகை குறுக்காக, கொம்பின் அகலத்துக்கு மட்டும் துண்டு துண்டாக இருக்கும். முறிவதும் அங்கேதான். அதனால் படத்தில் உள்ளதைவிடக் கொம்பின் அடியைத் தடிமனாக வரைந்துகொள்ளுங்கள், நுனி காதை ஒட்டி வரட்டும். அல்லது அந்தத் தம்பி முதலில் சொன்ன பிளைவுட்டுக்கே போகலாம். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையிலும் ஒரேயடியாக முறியாது, ஈரத்துக்கும் அவ்வளவாக அசையாது. ஆனால் பைன் வரிகள் காட்டுமாட்டின் விலாவில் ஓடுகிற அழகு பிளைவுட்டில் வராது. பைனில் இரண்டு கொம்பு முறிந்தாலும் பரவாயில்லை, பைனிலேயே செய்யுங்கள்.

உள்ளே இருக்கும் துளைகளை முதலில் அறுக்க வேண்டும், வெளிக்கோட்டை அப்புறம். கால்களுக்கு நடுவே தரைக்கட்டை வைத்து வரைந்திருந்தால், அந்த இடைவெளி நாலாபுறமும் மூடியிருக்கும். அதில் ஒரு சின்னத் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி இறுக்கி அறுங்கள். பலகை முழுதாக இருக்கும்போதே இதை முடித்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். கொம்பு எல்லாவற்றுக்கும் கடைசி.

அறுத்த பிறகு உப்புத்தாள்: 120, பிறகு 220, ரேகை போகும் திசையிலேயே. இங்கே மலைக்காரர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தேய்க்காதீர்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

பூச்சுக்கு அரக்கு போதும். செதில் அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்துத் துணியால் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை. உலர்ந்த பிறகு குழந்தைக்கு ஆபத்தில்லை. மூடுபனி இறங்கியிருக்கும் நாளில் மட்டும் பூச வேண்டாம். காற்றின் ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு வெண்மையாகப் படர்ந்துவிடும். வெயில் அடிக்கும் முற்பகலுக்குக் காத்திருங்கள்.

மிஷின் எப்போது என்று தம்பி திரும்பவும் கேட்டார். காட்டுமாடுகளுக்கு ஏரிக்கரையில் ஆள் கேட்டு, கை ரம்பத்தால் செய்து கொடுக்க நேரம் போதாமல் போகிற அன்றைக்கு வாங்கலாம் என்றேன். அப்போது வாங்கும்போது, பிளேடை முனையில் குறுக்கு ஊசி இல்லாமல் நேரடியாகப் பிடிக்கும் வகையா, வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா, இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஊசி உள்ள பிளேடு சின்னத் துளைக்குள் நுழையாது.

அடுத்த வாரம் மைசூர்க்காரர்கள் செய்கிற பதிப்பு வேலையின் எளிய வடிவம்: ஒரு கருத்த மரமும் ஒரு வெளுத்த மரமும் சேர்த்து ஒட்டி, மேசையைச் சாய்த்து ஒரே தடவையில் அறுத்து, இடைவெளி தெரியாமல் ஒன்றில் ஒன்றைப் பொருத்துவது. 6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு நிறத் துண்டுகளை இப்போதே பரணில் ஏற்றி வையுங்கள்.