பிரிண்டர் வாங்குவது சுலபம், தீனி போடுவது?

மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். கடையைத் தொடங்கி வளர்த்தவர் அவர்தான். கல்லாவுக்கு மேலே மாட்ட அவருடைய படம் ஒன்று வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. பிள்ளைகளின் செல்போன்களில் படங்களுக்குக் குறைவில்லை. "ஸ்டூடியோவுக்கு எதற்கு அலைய வேண்டும் அப்பா? ஒரு பிரிண்டர் வாங்கிவிட்டால் எல்லாப் படமும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே" என்றான் மகன். பண்டிகைத் தள்ளுபடியில் மலிவாக ஒன்று கிடைத்தது. வாங்கினார்கள். படத்தைப் போட்டு, சட்டமிட்டு, மாலை சாற்றி மாட்டினார்கள்.

ஆறு மாதத்தில் மூன்று குறைகள் தெரிந்தன. பெரிதாக்கிய படத்தில் முகம் மங்கல். வாசல் வெயில் படும் சுவர் என்பதால் நிறம் வெளுத்துவிட்டது. மீண்டும் போடலாம் என்றால் பிரிண்டரில் மை அடைத்துக்கொண்டு கோடு கோடாக வந்தது. புதுக் கார்ட்ரிட்ஜ் இரண்டும் சேர்ந்து பிரிண்டர் விலையில் பாதியை நெருங்கின. "நாற்பது வருஷமாகக் கொள்முதல் செய்கிறேன். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிய சரக்கு இது ஒன்றுதான்" என்றார் நண்பர்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அரிசியும் பருப்பும் வாங்கும்போது நாம் போடும் கணக்கை மெஷின் வாங்கும்போது மறந்துவிடுகிறோம். பிரிண்டரின் விலை வேறு, படத்தின் அடக்க விலை வேறு.

லாபம் மையில் இருக்கிறது

மலிவான இங்க்ஜெட் பிரிண்டரைத் தயாரிப்பாளர் பெரிய லாபம் வைத்து விற்பதில்லை. அவருக்கு வியாபாரம் பின்னால் வரும் மையில்தான். சில சிறிய கார்ட்ரிட்ஜ்களில் இருக்கும் மை 5 மில்லி லிட்டருக்கும் குறைவு. டேங்க் பிரிண்டருக்கு வரும் பாட்டிலில் சாதாரணமாக 65, 70 மில்லி லிட்டர் இருக்கும். இரண்டின் விலையையும் மில்லி லிட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். ஷாம்பு வியாபாரத்தில் பெரிய பாட்டிலைவிடச் சாஷே மலிவாக இருப்பதை நாம் பார்க்கிறோம். மை வியாபாரத்தில் நேர்மாறு. சிறிய உறைதான் யானை விலை.

டேங்க் பிரிண்டர் வந்த கதை வணிகர்களுக்குச் சுவையானது. இந்தோனேசியாவில் சிறு கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைக் குடுவை வைத்து, குழாய் மூலம் உள்ளே செலுத்தும் வேலையைச் செய்து கொடுத்து வந்தார்கள். சந்தையின் போக்கைக் கண்ட எப்சன் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு தானே அத்தகைய டேங்க் பிரிண்டரை அங்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. கேனான், எச்.பி., பிரதர் ஆகியோரும் பின்தொடர்ந்தனர். மெஷின் விலை கூடுதல், மைச் செலவு குறைவு என்பதுதான் இதன் கணக்கு.

"7,500 பக்கம் வரும்" என்றால்?

டேங்க் பிரிண்டர் பெட்டியில் 4,500 பக்கம், 7,500 பக்கம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யல்ல, ஆனால் போட்டோக் கணக்கும் அல்ல. ஐ.எஸ்.ஓ. 24712 என்ற உலகத் தரக் குறியீட்டில் கடிதம், படவரைவு போன்ற மாதிரிப் பக்கங்கள் உள்ளன. அவற்றை அச்சிட்டே இந்த எண்ணிக்கை சொல்லப்படுகிறது. அத்தகைய பக்கத்தில் பெரும்பகுதி வெற்றுத் தாளாகவே இருக்கும். போட்டோவிலோ ஓரத்திலிருந்து ஓரம் வரை மை. போட்டோவுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 29102 என்று தனிக் குறியீடு உண்டு. ஆகவே கடையில், "4 x 6 போட்டோ எத்தனை வரும்?" என்று கேளுங்கள். "எத்தனை பக்கம் வரும்?" என்று கேட்டால் சரியான பதில் வராது.

மூன்று வழிகள்

முதலாவது, டேங்க் வகை இங்க்ஜெட். நான்கு மை உள்ளதில் பில், பள்ளிப் பாடம், ஆதார் நகல், போட்டோ எல்லாம் போடலாம். ஆறு மை உள்ள பலவற்றில் இளநீலமும் இள மெஜந்தாவும் சேர்ந்திருப்பதால் முகத்தின் நிறம் புள்ளி தெரியாமல் மென்மையாக வரும். போட்டோதான் முக்கியம் என்பவர் ஆறு மையையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சூட்டினால் ரிப்பனிலிருந்து நிறத்தைத் தாளில் ஏற்றும் டை-சப்ளிமேஷன் பிரிண்டர். கேனான் செல்ஃபி இந்த வகை. மஞ்சள், மெஜந்தா, நீலம், கடைசியில் கண்ணாடி போன்ற காப்புப் பூச்சு என்று தாள் நான்கு முறை உள்ளே போய் வரும். திரவ மை இல்லாததால் மூன்று மாதம் மூடி வைத்தாலும் அடைக்காது. தாளும் ரிப்பனும் எண்ணிக்கை ஒத்து ஒரே பெட்டியில் வருகின்றன. 108 தாள் பெட்டி என்றால் ரிப்பனும் 108 படத்துக்கு. பெட்டி விலையை 108 ஆல் வகுத்தால் அடக்கம் பைசா சுத்தமாகத் தெரியும். ஆனால் இதில் அஞ்சலட்டை அளவுக்கு மேல் போட முடியாது. பில்லோ கடிதமோ போட உதவாது.

மூன்றாவது வழி, ஒன்றும் வாங்காமல் ஸ்டூடியோவுக்குப் போவது. இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். ஏன் என்பது கணக்கில் தெரியும்.

கலர் லேசர் பிரிண்டர் இந்த வரிசையில் சேராது. பில்லுக்கும் நோட்டீசுக்கும் அது நல்லது. போட்டோவின் மெருகு அதில் வராது. இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை லேசரில் போட்டுவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் சூட்டில் தாளின் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

பேரேட்டுக் கணக்கு

எண்கள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் 12,000 ரூபாய், 4 ஆண்டு உழைக்கும் என்று வைப்போம். மாதத்துக்கு 250 ரூபாய் மெஷின் செலவு.

மாதம் 10 படம் போட்டால், ஒரு படத்தின் தலையில் மெஷின் செலவு மட்டும் 25 ரூபாய். தாளும் மையும் இனிமேல்தான்.

மாதம் 50 படம் என்றால் 5 ரூபாய்.

மாதம் 100 படம் என்றால் 2 ரூபாய் 50 காசு.

இதனுடன் தாள் விலை, மை விலை, பாழாகும் தாள் இவற்றைக் கூட்டுங்கள். பத்துக்கு ஒரு தாளாவது பாழாகும் என்று எழுதிக்கொள்வது நல்லது. வரும் தொகையை உங்கள் தெரு ஸ்டூடியோவில் ஒரு படத்துக்குக் கேட்கும் தொகையுடன் ஒப்பிடுங்கள். மாதம் பத்துப் படத்துக்குள் போடுபவருக்குப் பெரும்பாலும் ஸ்டூடியோதான் லாபம். பிள்ளைகளின் பள்ளி வேலை, கடையின் விலைப் பட்டியல், ஸ்கேன், நகல் என்று தினமும் வேலை இருக்கும் வீட்டுக்கு டேங்க் பிரிண்டர் பொருந்தும். அங்கே போட்டோ கூடுதல் ஆதாயம். எப்போதாவது ஒரு நாள் இருபது முப்பது படம் வீட்டிலேயே வேண்டும் என்பவருக்கு ரிப்பன் வகை. இந்தக் கணக்கில் மலிவுக் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் தேறுவது அபூர்வம்.

மை காயாமல் இருக்க

இங்க்ஜெட் வாங்கினால் அதைச் சும்மா வைக்கக் கூடாது. மை வரும் துவாரம் முடியைவிட மெல்லியது. நமது வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும். வாரம் ஒரு முறை கலரில் ஒரு பக்கமாவது போட வேண்டும். வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைக்கக் கூடாது. பிரிண்டரிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் மைத்தலை தன் மூடிக்குள் போய் உட்காரும். அதன் பிறகே சுவர் ஸ்விட்ச். அடைப்பு எடுக்கும் 'கிளீனிங்' ஒவ்வொரு முறையும் மையைக் குடிக்கும். அடிக்கடி செய்தால் பாட்டில் காலியாவதே தெரியாது.

படமும் தாளும்

4 x 6 அங்குலப் படம் தெளிவாக வர 1800 x 1200 புள்ளிகள், அதாவது 21.6 லட்சம் புள்ளிகள் போதும். ஏ4 அளவுக்கு ஏறக்குறைய 87 லட்சம் வேண்டும். இன்றைய செல்போனில் எடுத்த மூலப் படம் இரண்டுக்கும் போதுமானது. ஆனால் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய படம் சுருங்கித்தான் வந்து சேரும். நண்பர் வீட்டில் முகம் மங்கியதற்குக் காரணம் அதுவே. உறவினர் அனுப்பிய படத்தை ஏ4 அளவில் போட்டார்கள். படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் குறையாமல் வரும்.

ஏ4 போட்டோத் தாளில் 4 x 6 படம் மூன்றுதான் வெட்ட முடியும். 35 x 45 மில்லி மீட்டர் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒரு 4 x 6 தாளில் எட்டு வரும். தாள் வெட்டும் கத்தியையும் செலவில் சேருங்கள்.

வெயிலும் காற்றும் சாய மையை வெளுக்கச் செய்யும். பிக்மெண்ட் மை அதைவிடத் தாங்கும். எந்த மையானாலும் வெயில் நேராகப் படாத சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டுவதே நல்லது.

வாங்கும்போது

மெஷினைப் பார்க்கும் முன் அதன் மை உங்கள் ஊரிலேயே கிடைக்கிறதா, சர்வீஸ் எங்கே என்று விசாரியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் எதுவும் கிடைக்கும். ஒரு பாட்டில் மைக்காக அங்கே பஸ் ஏற முடியுமா? உங்கள் செல்போனில் உள்ள ஒரு முகப்படத்தைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்தில் ஓர் ஆண்டு அல்லது இத்தனை பக்கம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும்; படித்துப் பாருங்கள். போலிச் சரக்கு நமக்குப் புதிதல்ல, மைப் பாட்டிலிலும் உண்டு. சீல் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

கடைப் பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்கி, கடை வேலைக்குப் பயன்படுத்தினால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிவிட்டுக் கடைக் கணக்கில் எழுதுவது முறையல்ல, பின்னால் தொல்லை.

நண்பர் வீட்டுக் கதை முடிவைச் சொல்லிவிடுகிறேன். தந்தையாரின் மூலப் படம் பேத்தியின் பழைய செல்போனில் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் முகத்தின் நிழலைச் சரிசெய்து, நல்ல தாளில் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். அவரும் நம்மைப்போல் ஷட்டர் திறந்து காத்திருக்கும் வணிகர்தான். நம் வாடிக்கையாளர் பெரிய கடைகளுக்கும் ஆன்லைனுக்கும் போகிறார் என்று நாம் வருந்துகிறோம். அவருடைய கடைக்கு நாம் கடைசியாகப் போனது எப்போது?

மாதக் கணக்கு சாதகமாக இருந்தால் தயங்காமல் பிரிண்டர் வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்டூடியோவிலேயே போடுங்கள். எதுவானாலும், வீட்டுப் பெரியவர்களின் நல்ல படத்தை இந்த மாதமே ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். செல்போன் விழுந்து உடைந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம். அதிலிருந்த படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.