பனிக்காலமா? கார் பேட்டரியையும் கவனியுங்க!

உதகை, குன்னூர், கொடைக்கானல் பக்கம் குடியிருந்து கார் ஓட்டும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் உதகையில் காலை வேளையில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி படர்ந்து கிடக்கும். ஸ்வெட்டர், குல்லாய், சுக்குக் காப்பி என்று வீட்டு மனுஷரைக் கவனிக்கிறோம். வாசலில் நிற்கும் காரைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்பார்கள் தோழிகள் பலர். ஆனால் பிள்ளையைப் பள்ளியில் விட, மார்க்கெட்டுக்குப் போக என்று தினம் ரெண்டு, மூணு கிலோமீட்டர் ஓட்டுவது நாம்தானே? பேட்டரியை இறக்கிவிடுவதே இந்தக் குட்டிப் பயணங்கள்தான்.

பேட்டரியை அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைக்கும் சில்லறை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்கும்போது சில விநாடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல்கூட எடுத்துச் செலவு செய்கிறோம். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடும். வெயில் காலத்தில் சில நிமிஷத்தில் கணக்கு நேராகிவிடும். குளிரில் அப்படி இல்லை. இன்ஜின் ஆயில் கெட்டிப்படுவதால் செல்ஃபுக்குக் கூடுதல் சக்தி வேண்டும். பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலையோ மந்தமாகிறது. பூஜ்யம் டிகிரியை ஒட்டி வந்தால் அதன் சக்தி ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும். போடுகிற சார்ஜையும் அது மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். இதற்கு நடுவில் ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி மூட்டம் போக ஃபேன் என்று எல்லாம் ஓடும். பழைய மாதிரி ஹாலஜன் ஹெட்லைட் ரெண்டும் மட்டுமே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அஞ்சு நிமிஷத்தில் பள்ளிக்கூடம் வந்ததும் ஆஃப் செய்துவிடுவோம். எடுத்தது அதிகம், போட்டது குறைச்சல். ஒரு நாளில் தெரியாது; ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

'ஸ்டார்ட் ஆகலேன்னா ஆட்டோ பிடிச்சுக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள். பேட்டரி ரொம்பச் சோர்ந்திருப்பது விடியற்காலையில். வயசானவர்களுக்கு மூச்சிரைப்பு கூடுவதும் பல சமயம் அந்த நேரத்தில்தான். போன தை மாதம் எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கு விடியற்காலை நாலு மணிக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் கார் 'டிக், டிக்' என்றதோடு சரி. மருமகள் எங்கள் கதவைத் தட்டினாள். எங்கள் வண்டியில் கூட்டிக்கொண்டு போனோம். பெரியம்மா தேறிவிட்டார். அந்த மருமகள் அதன் பிறகு பேட்டரி விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

நான் கடைப்பிடிப்பவை இவை:

* பள்ளி, ரேஷன், மார்க்கெட் என்று மூணு தடவை போவதை ஒரே சுற்றாகச் சேர்த்துவிடுங்கள். பக்கத்துத் தெருவுக்கு நடந்தே போய் வரலாம்.

* வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள. நாங்கள் குன்னூர் வரை, சுமார் 18 கிலோமீட்டர், போய்த் திரும்புவோம். வீட்டு வாசலிலேயே இன்ஜினை ஓட விட்டால் சார்ஜ் சரியாக ஏறாது. மூடிய ஷெட்டுக்குள் ஓட விட்டால் புகையே உயிருக்கு ஆபத்து.

* நிறுத்துவதற்கு முன் ஃபேன், லைட், ரேடியோவை அணைத்துவிடுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃபை அஞ்சு விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். அரை நிமிஷம் விட்டு மறுபடி முயலுங்கள்.

* இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டிய நேரம். குறை சார்ஜோடு நாள்கணக்கில் நின்றால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பேட்டரியே பாழாகிவிடும்.

* தானாக நின்றுகொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்கி வைத்தால், காற்றோட்டமான இடத்தில் ராத்திரி போட்டுவிடலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். தீக்குச்சி, ஊதுவத்தி கிட்டவே வரக்கூடாது.

* டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை, கம்பிகளைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடையுங்கள். காய்ந்ததும் மாட்டி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். உள்ளே இருப்பது கந்தக அமிலம் என்பதால் கையுறை அவசியம்.

* தண்ணீர் ஊற்றும் ரக பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. மலை ஊரில் வண்டியை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது பலருக்கு வழக்கம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் இறுகும். பவர் ஸ்டியரிங்கும் திரும்ப மறுக்கும். குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஹாரன் கம்மினாலோ, ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட் மஞ்சளித்தாலோ உடனே காட்டிவிடுங்கள். மூணு வருஷம் தாண்டிய பேட்டரியை ஐப்பசியிலேயே ஒரு தரம் சோதித்துக்கொள்வது நல்லது. அடுப்பில் கேஸ் தீருமுன் மாற்று சிலிண்டர் சொல்லி வைப்பவர்கள் நாம். இதற்கும் அந்த முன்யோசனை போதும்.

- ஒரு வாசகி, உதகமண்டலம்