முழங்காலுக்குள் இரண்டு குமிழ்கள்

நம் தொடை எலும்பு கீழே வந்து முடியும் இடத்தில் இரண்டாகத் திரள்கிறது. உள்பக்கம் ஒரு குமிழ், வெளிப்பக்கம் ஒரு குமிழ். மருத்துவர்கள் இவற்றைக் காண்டைல் என்பார்கள். இவை உட்காரும் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்போ கிட்டத்தட்டத் தட்டை. உருண்டைக்கும் தட்டைக்கும் ஒத்துப்போக, நடுவே பிறை வடிவில் மெனிஸ்கஸ் என்ற இரண்டு திண்டுகள் இருக்கின்றன. குமிழ்களைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. அழுந்தி விடுபடும்போது மூட்டு நீரிலிருந்து ஊட்டம் பெறுகிறது.

முழங்கால் கதவுக் கீல் போல மடங்குவதாகப் பள்ளியில் படித்திருப்போம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள், வில்ஹெல்மும் எடுவர்டும், மனித நடையைப் பற்றி 1836-இல் வெளியிட்ட நூலிலேயே, இங்கே எலும்பு உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது என்று காட்டிவிட்டார்கள். உருள மட்டும் செய்தால், காலை மடக்கும்போது குமிழ்கள் பின்பக்கமாகக் கீழே இறங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, இரண்டு குமிழ்களும் சமமில்லை என்பது. உள்பக்கக் குமிழின் மூட்டுப் பரப்பு நீளம் கூடியது. காலை நீட்டும்போது வெளிப்பக்கத்தின் ஓட்டம் முதலில் முடிந்துவிடும். உள்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. அதனால் கடைசிச் சில பாகைகளில் மூட்டு லேசாகத் திருகி இறுகிப் பூட்டிக்கொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டுங்கள், முடிவில் பாதம் வெளிப்பக்கம் சற்றே திரும்பும். ரேஷன் கடை வரிசையில் நெடுநேரம் நின்றும் தொடைத் தசை துவளாமல் இருப்பது இந்தப் பூட்டின் தயவில்தான். பூட்டைத் திறக்க, முழங்காலின் பின்புறம் பாப்லிட்டியஸ் என்ற சிறு தசை இருக்கிறது.

குமிழ்களின் சாய்மானம் இன்னொரு கதை சொல்லும். இடுப்பிலிருந்து நம் தொடை எலும்பு உள்நோக்கிச் சாய்ந்து இறங்குவதால், முழங்கால் உடலின் நடுவுக்கு அருகே வந்துவிடுகிறது. அதனால் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்திலும் நாம் சரிவதில்லை. சிம்பன்சிக்கு இந்தச் சாய்வு இல்லை என்றே சொல்லலாம். 1973-இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் மானுடவியலாளர் டொனால்ட் ஜொஹான்சன் புதைபடிவமான ஒரு முழங்கால் மூட்டைக் கண்டெடுத்தார். வயது 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். அதில் இந்தச் சாய்வு இருந்தது.

பிறந்த குழந்தைக்கு இந்தச் சாய்வு கிடையாது. எழுந்து நடக்க நடக்கத்தான் வளரும்; நடக்கவே இயலாத பிள்ளைகளுக்கு உருவாவதில்லை. ஆகவே ஹடார் எலும்புக்கு உரிய உயிர், சிறுவயதிலேயே இரண்டு காலில் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.