மேகம் மறைத்த வெள்ளி, சோழி காட்டிய கிரகணம்

1768-ல் புதுச்சேரியில் ஒரு வானாய்வுக்கூடம் எழும்பியது. ஏழு வருஷத்துக்கு முன் இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டைக்குள், இடிந்த கவர்னர் மாளிகையின் மிச்சசொச்சத்தின் மேல்தான் அதைக் கட்டினார்கள். கீழே இருந்த பழைய நிலவறைகள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றில் ராணுவத்தின் வெடிமருந்து இருந்தது. மேலே தொலைநோக்கி, கீழே வெடிமருந்துக் கிடங்கு. அங்கே குடியேறிய பிரெஞ்சு வானியலாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய எட்டு வருஷத்தில் அவர் பட்ட பாடு அப்படி.

அவர் பெயர் கீயோம் லெ ஜான்தி. 1725-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் கூத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பாதிரியாராகப் படிக்கப் பாரிஸ் போனவர், பொழுதுபோக்காக வானியல் வகுப்பில் போய் உட்கார, அங்கேயே ஒட்டிக்கொண்டார். 24 வயதில், ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன மண்டலம் ஒன்றை முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். இன்று அதன் பெயர் எம் 32. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது கண்டுபிடித்ததற்காக அல்ல, தவறவிட்டதற்காக.

வெள்ளிக் கிரகம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே சரியாக நேர்கோட்டில் வரும்போது, சூரியனின் முகத்தில் ஒரு கரும்புள்ளி நகர்ந்து போவது தெரியும். வெள்ளி இடைநகர்வு என்கிறோம். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வராது. இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி 1716-ல் ஒரு யோசனை சொன்னார். பெருவிரலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணால் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரிகிறது அல்லவா? அதேபோல பூமியில் வெகு தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால், வெள்ளி சூரியனைக் கடக்கும் கோடு கொஞ்சம் மாறித் தெரியும், கடக்கும் நேரமும் மாறும். அந்த வித்தியாசத்தை வைத்து சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அடுத்த இடைநகர்வு 1761-ல். அதைப் பார்க்கத் தனக்கு ஆயுள் கிடையாது என்று ஹாலிக்குத் தெரியும். 1742-லேயே காலமாகிவிட்டார்.

1760 மார்ச் 26-ம் தேதி லெ ஜான்தி பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். இடைநகர்வைப் பார்க்கப் பாரிஸ் அறிவியல் அகாதமி அவருக்கு ஒதுக்கிய இடம் புதுச்சேரி. அது இங்கிலாந்தும் பிரான்சும் உலகம் முழுக்க அடித்துக்கொண்ட ஏழாண்டுப் போரின் காலம். ஜூலையில் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் கிடைக்க அடுத்த வருஷம் மார்ச் ஆகிவிட்டது. பருவக்காற்று கப்பலை எங்கெங்கோ இழுத்தடித்தது. மே 24-ம் தேதி மலையாளக் கரையில் மாஹேயை நெருங்கியபோது சேதி கிடைத்தது: மாஹே போய்விட்டது, புதுச்சேரியும் போய்விட்டது. ஜனவரியிலேயே பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு இங்கிலீஷ்காரர்களிடம் சரணடைந்திருந்தார். இந்தச் சேதி தெரியாமல் அத்தனை மாதமும் அந்த ஊரைக் குறிவைத்தே வந்திருக்கிறார்கள். கப்பல் வந்த வழியே திரும்பியது.

ஜூன் 6. நடுக்கடல். வானம் பளிச்சென்று இருந்தது. கப்பல் தளத்தில் நின்று லெ ஜான்தி வெள்ளியைப் பார்த்தார், நேரத்தையும் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பால் காசுக்குப் பிரயோசனம் இல்லை. ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. எங்கே நின்று எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்பது தெரியாவிட்டால் ஹாலியின் கணக்கு நடக்காது. சென்னையில் கவர்னர் மாளிகை மாடியிலிருந்து வில்லியம் ஹர்ஸ்ட் என்ற இங்கிலீஷ் பாதிரியார் அதே இடைநகர்வைச் சாவகாசமாகப் பார்த்து எழுதிவைத்தார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். லெ ஜான்தி, 1769 வரை இந்தப் பக்கமே இருந்துவிடுகிறேன் என்று எழுதி அனுப்பினார். அந்த எட்டு வருஷமும் மனிதர் சும்மா இருக்கவில்லை. மடகாஸ்கரின் கிழக்குக் கரையை அளந்து வரைபடம் போட்டார். காற்று, கடல் நீரோட்டம், செடிகொடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். 1769 இடைநகர்வுக்கு மணிலாதான் வாகான இடம் என்று கணக்குப் போட்டு 1766-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த ஸ்பானிய கவர்னர் அவரை ஒற்றராக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். பாரிஸ் அகாதமியோ புதுச்சேரியே மேல் என்று எழுதியது. போர் முடிந்து ஊர் பிரான்சின் கைக்குத் திரும்பியிருந்தது. 1768 மார்ச் 27-ல், பிரான்சைவிட்டுக் கிளம்பி எட்டு வருஷமும் ஒரு நாளும் கழித்து, புதுச்சேரி மண்ணில் கால் வைத்தார்.

கவர்னர் லா த லொரிஸ்தோன் கேட்டதெல்லாம் செய்துகொடுத்தார். சென்னையிலிருந்து இங்கிலீஷ்காரர்கள் நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். ஊரையே இடித்துப்போட்டவர்கள் அந்த இடிபாட்டின் மேல் நிறுத்தத் தொலைநோக்கி தந்ததைப் பெருந்தன்மை என்பதா, வேடிக்கை என்பதா? இரண்டும்தான். 1769 மே மாதம் முழுக்கக் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஜூன் 3 இரவு கவர்னரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

பின்னிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது வானம் மூடியிருந்தது. விடியும் நேரத்தில் காற்று கிளம்பியது, கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்தக் காற்று இன்னும் மேகத்தைக் கொண்டுவந்து கொட்டியது. புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் பாதிக்கு மேல் கடந்திருக்கும். ஏழு மணி வாக்கில் எல்லாம் முடிந்துவிடும். முடிந்தது. அதற்கப்புறம் மேகம் விலகி, அன்று பகல் முழுக்க வெயில் காய்ந்தது. மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரம் போல அவரால் எதுவும் எழுத முடியவில்லை. நடந்ததைப் பாரிசுக்கு எழுத வேண்டிய நாள் வந்தபோதும் பேனா கையில் நிற்கவில்லை என்று பிற்பாடு அவரே பதிவு செய்திருக்கிறார்.

அதே நேரத்தில், தேதி இன்னும் ஜூன் 3 ஆகவே இருந்த உலகத்தின் மறுபக்கத்தில், மெக்சிகோவின் பாஜா கலிபோர்னியா முனையில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் நின்றிருந்தார். ஷாப் தொத்தரோஷ். 1761-ல் சைபீரியாவின் தொபோல்ஸ்க் வரை போய் வெற்றிகரமாகப் பார்த்துவிட்டு வந்தவர். இந்த முறை அவர் போய் இறங்கிய மிஷன் கிராமத்தில் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. இடம் மாறச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். வானம் தெளிவாக இருந்தது, அளவுகள் அருமையாக அமைந்தன. ஆகஸ்ட் 1-ம் தேதி அவர் இறந்துபோனார். உடன் வந்தவர்களிலும் உயிரோடு ஊர் திரும்பியவர்கள் ஒரு சிலர்தான். அவர்கள் கொண்டுவந்த அளவுகளையும், தஹிதியில் கேப்டன் குக் குழுவினர் எடுத்த அளவுகளையும், இன்னும் பல இடங்களின் அளவுகளையும் சேர்த்து 1771-ல் லாலாந்து என்ற வானியலாளர் சூரியனின் தூரத்தை 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணித்தார். இன்று நமக்குத் தெரிந்த கணக்கு 14.96 கோடி. ஷாப்பின் உயிர் அந்தக் கணக்கில் இருக்கிறது. லெ ஜான்தியின் பதினோரு வருஷம் அதில் இல்லை.

அவர் ஊர் திரும்பியது தனிக்கதை. உடல்நலம் கெட்டு 1770 மார்ச்சில் புதுச்சேரியைவிட்டுக் கிளம்பினார். மொரீஷியஸிலிருந்து ஏறிய கப்பல் புயலில் அடிபட்டுத் திரும்பவும் மொரீஷியஸுக்கே வந்தது. கடைசியில் ஒரு ஸ்பானியப் போர்க்கப்பலில் காதிஸ் போய், அங்கிருந்து தரைவழியாக பிரனீஸ் மலையைத் தாண்டி 1771 அக்டோபரில் பிரான்சுக்குள் நுழைந்தார். அவர் செத்துப்போனார் என்று ஊரில் முடிவே கட்டியிருந்தார்கள். அவர் எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை. சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடும் ஏற்பாட்டில் இருந்தார்கள். பணத்தைப் பார்த்துக்கொண்ட ஆள் களவு போய்விட்டது என்றார். வழக்குப் போட்டதில் செலவுதான் மிச்சம். அகாதமியில் அவர் வகித்த இடமும் கைமாறியிருந்தது. மனைவி வேறொருவரை மணந்துகொண்டார் என்றும் ஒரு கதை சுற்றுகிறது. அது கட்டுக்கதை. போகும்போது அவர் பிரம்மச்சாரி. திரும்பி வந்துதான் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள், அகாதமியிலும் மறுபடி இடம் கிடைத்தது. 1792-ல் இறக்கும் வரை நன்றாகத்தான் வாழ்ந்தார்.

‘உலகத்திலேயே அதிர்ஷ்டமில்லாத வானியலாளர்’ என்று இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் 1779-லும் 1781-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட பயண நூலைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றிப் பேசுவது பாதிக் கதைதான். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் வீராம்பட்டினம் பக்கம் பழைய இடிபாடு இருப்பதையும், ஊர்க்காரர்கள் பெரிய பெரிய செங்கற்களைத் தோண்டி எடுத்துப் போவதையும் எழுதிவைத்தவர் அவர். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய மதுச்சாடிகளை வெளியே எடுத்த அரிக்கமேடு அதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. மேகம் மூடுவதற்கு முன், காத்திருந்த அந்த மாதங்களில், தமிழர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டார். வந்து உட்கார்ந்தவர்களிடம் காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வரிசையாக அடுக்கினார்கள். ஒரு வரிசையின் சோழிகளைக் கூட்டுவது, அடுத்த வரிசைக்கு மாற்றுவது, கழித்ததை எடுத்துவிடுவது என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். வாய் மெல்லிய குரலில் பாட்டுப்போல எதையோ சொல்லிக்கொண்டே போகும். பார்த்தவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேகமும் நிதானமும் ஒன்றாக இருந்தது மட்டும் தெரிந்தது. அவர் கண்ட குறை ஒன்றே ஒன்று: போட்ட கணக்கைத் திருப்பிச் சரிபார்க்க முடியாது. ஒரு படி முடிந்ததும் முந்தைய படியின் சோழிகள் கலைந்துவிடும்.

வாயில் ஓடியவை வாக்கியங்கள். சந்திரனின் ஓட்டம் 248 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே ஒழுங்கில் திரும்ப வருகிறது. சந்திரன் பூமியை நெருங்கி விலகும் ஒன்பது சுற்று, 248 நாளுக்குக் கொஞ்சமே குறைவு. அந்த ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் எங்கே இருக்கும் என்ற எண்ணை ஒரு சின்ன சமஸ்கிருத வாக்கியமாக்கி வைத்திருந்தார்கள். கடபயாதி முறைப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இலக்கம். க என்றாலும் ட என்றாலும் ப என்றாலும் ய என்றாலும் ஒன்று. இப்படி 248 வாக்கியம். வரருசி செய்தவை என்பது ஐதீகம். மனப்பாடம் பண்ணிவிட்டால் ஏடு தேவையில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் சொல்வது இந்த வாக்கியங்களிலிருந்து வந்ததே.

லெ ஜான்தி சோதித்துப் பார்த்தார். ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் விடை வந்தது. கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடி குறைச்சல், அவ்வளவுதான் பிழை. அன்றைக்கு ஐரோப்பாவில் சிறந்ததென்று கொண்டாடப்பட்ட டோபியாஸ் மையரின் அட்டவணைப்படி போட்டால் 68 விநாடி கூடுதலாக வந்தது. ஐரோப்பியக் கணக்கு ஒரு படி பின்தங்கிவிட்டதை அவர் மறைக்காமல் அச்சில் போட்டார். இந்த நாட்டாரை ஏளனமாகவும் பல இடங்களில் எழுதியவர் அவர். ஆனாலும் இதை மட்டும் அவர் மறைக்கவில்லை.

நாமும் இதை வைத்துத் தலைகால் புரியாமல் ஆட வேண்டாம். ஒரு கிரகணத்தில் 41 விநாடி என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 1825-ல் ஜான் வாரன் என்ற கர்னல் தென்னிந்தியக் காலக்கணிப்பு பற்றி ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அவருக்கும் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அதே மாதிரி தரையில் சோழி போட்டு அந்த வருஷ கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஆரம்பத்தில் பிழை 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52. வானியல் தத்துவத்தில் அந்த மனிதருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, ஆனால் ஞாபகசக்தி அபாரம் என்று வாரன் எழுதுகிறார். வாக்கியங்களைக் கட்டியவர்கள் போய்ப் பல நூற்றாண்டு ஆகியிருந்தது. மனப்பாடம் மட்டும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. வானம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிட்டது, வாக்கியம் நகரவில்லை.

அதைத் திருத்தக் கிளம்பியவரும் நம்மூர்க்காரர்தான். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874-ல் அடுத்த வெள்ளி இடைநகர்வு வந்தபோது சாதாரண மக்களுக்கும் பஞ்சாங்கக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி இந்திய மொழிகளில் சிறு நூலாக விளக்கி எழுதினார். கண்ணால் கண்டு அளந்த கணக்கை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். வாக்கியக்காரர்களுக்கும் திருக்கணிதக்காரர்களுக்கும் அன்றைக்குத் தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சிலேயே ஆகிவிட்டது என்றது திருக்கணிதம். எங்களுக்கு வாக்கியம்தான், பெயர்ச்சி 2026 மார்ச்சில் என்று அறிவித்தது திருநள்ளாறு கோயில்.