காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்?

டெக்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் பீகோஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து நியூ மெக்சிகோ பக்கம் போகும் 285-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெத் ஹைவே'. முன்பு மாட்டுப் பண்ணைக்காரர்களின் வண்டிகள் எப்போதாவது போய்வந்த பாதை அது. இப்போது இரவும் பகலும் லாரிகள். மணல், தண்ணீர், குழாய்கள், கச்சா எண்ணெய் எல்லாமே இந்தத் தடத்தில்தான் போகின்றன. அமெரிக்கா எடுக்கும் கச்சா எண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இந்த ஊரைச் சுற்றியுள்ள பெர்மியன் படுகையிலிருந்து வருகிறது.

எண்ணெய்க் கிணறு என்றதும் நம் கண்முன் வருவது உயரமான துரப்பண மேடை. உண்மையில் அது லாரிகளை நம்பி நடக்கும் தொழில். பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் 'பிராக்கிங்' முறையில், இரண்டு மைல் நீளம் கிடைமட்டமாகத் தோண்டிய ஒரே கிணற்றுக்குப் பத்தாயிரம் டன் அளவுக்குக்கூட மணல் தேவைப்படும். ஒரு லாரியில் ஏறுவது இருபத்து சொச்சம் டன். நானூறு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள், மணலுக்கு மட்டும். எண்ணெய் வரத் தொடங்கிய பின் அதைவிட அதிகமாக உப்புநீரும் சேர்ந்து வரும். அதைக் குழாயில் கொண்டுபோக வசதியில்லாத இடங்களில் அதற்கும் டேங்கர்தான்.

சம்பளம் எவ்வளவு? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2023-இல் அந்நாட்டுக் கனரக லாரி டிரைவரின் நடுத்தர ஆண்டு வருமானம் 54,320 டாலர். பெர்மியன் கொழித்த 2018 வாக்கில், அங்கே ஒரு லட்சம் டாலரைத் தாண்டிச் சம்பாதித்தவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லட்சம் எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டால்தான் கதை மாறும்.

பெரும்பாலான இடங்களில் கூலி லோடு கணக்கில். சிலருக்கு லோடு வாடகையில் இத்தனை சதவீதம், சிலருக்கு மணிக்கணக்கு. லோடு கணக்கில் ஓடுபவருக்குச் சக்கரம் சுற்றினால்தான் காசு. மணல் கிடங்கில் வரிசை, கிணற்றடியில் வரிசை. பம்பு ஒன்று பழுதானால் பிராக்கிங் நிற்கும். அதன் பின்னால் இருபது லாரிகளும் நிற்கும். காத்திருப்புக் கூலி என்று ஒன்று உண்டுதான். ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டே பல நிறுவனங்கள் அதைத் தருகின்றன; சில தருவதே இல்லை.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் வேலையில் இறங்கினால், அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். 2017 டிசம்பர் முதல் இதை வண்டியில் பொருத்திய மின்னணுக் கருவி குறித்துவைக்கிறது. எண்ணெய் வயலுக்கென்று 1962-லிருந்தே தனிச் சலுகை உண்டு. இத்தொழிலுக்கென்றே கட்டப்பட்ட சிறப்பு வண்டிகளை ஓட்டும் பயிற்சி பெற்ற டிரைவர்கள் கிணற்றடியில் காத்திருக்கும் நேரம், அந்த 14 மணி நேரத்தில் சேராது. ஆறு மணி நேரம் காத்துக் கிடந்தவர், விழித்தெழுந்து இருபதாவது மணி நேரத்திலும் சட்டப்படியே வண்டியோட்டலாம். மணலும் தண்ணீரும் ஏற்றும் லாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது என்று மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2012-இல் விளக்கம் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் லோடு கணக்கில் ஓடும் மணல் லாரி டிரைவருக்கு அது வேறு விதமாக வலிக்கிறது. காத்திருக்கும் நேரம் அவருடைய 14 மணி நேரத்தைத் தின்கிறது, கூலியோ ஏறுவதில்லை. கருவியில் 'ஓய்வு' என்று பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கத் தோன்றாதா?

ஓவர்டைமும் பலருக்குக் கிடையாது. வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்று 1938-இல் வந்த சட்டம், மாநிலம் கடந்த வணிகத்தில் கனரக வண்டி ஓட்டுபவர்களை அந்த உரிமையிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. போதாததற்கு, வண்டியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு 'நீங்களே முதலாளி' என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. வாரக் கடைசியில் வண்டித் தவணை, டீசல், காப்பீடு என்று பிடித்தது போக மிஞ்சுவதுதான் அந்த 'முதலாளி'யின் சம்பளம்.

கச்சா எண்ணெய் டேங்கர் டிரைவரின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கிளீனர் என்று யாரும் கூட வருவதில்லை. நள்ளிரவில் தனியாளாக வெள்ளைப் புழுதிச் சாலையில் வந்து, சேமிப்புத் தொட்டியின் படிகளில் ஏறி, உச்சியிலுள்ள மூடியைத் திறந்து, அளவு நாடாவை உள்ளே இறக்கி எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும். வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். மாதிரி எடுத்துச் சிறு சுழல் இயந்திரத்தில் சுற்றி, எண்ணெயில் எவ்வளவு தண்ணீரும் கசடும் என்று பார்க்க வேண்டும். பிறகு முத்திரையை உடைத்து, குழாய் மாட்டி, ஏற்றி, ரசீது எழுத வேண்டும். மூடியைத் திறக்கிற அந்த நொடியில் எண்ணெய் ஆவி குபீரென்று முகத்தில் அடிக்கும். 2010 முதல் 2014 வரை இப்படித் தொட்டி மூடியைத் திறந்து அளவோ மாதிரியோ எடுக்கும் வேலையில் ஒன்பது தொழிலாளர்கள் இறந்ததாக அமெரிக்க அரசின் இரண்டு பாதுகாப்பு அமைப்புகள் 2016-இல் எச்சரித்தன. சட்டைக் காலரில் மாட்டிய வாயுமானி கத்தினால் காற்று வரும் திசை பார்த்து ஓட வேண்டியதுதான்.

இருந்தும் அதிகமாக உயிர் குடிப்பது சாலைதான். 2003 முதல் 2009 வரை எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் இருந்த 202 பேர் வாகன விபத்துகளில் இறந்தார்கள். மற்றத் தனியார் தொழிலாளர்களோடு ஒப்பிட்டால் இந்த மரண விகிதம் எட்டரை மடங்கு. இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இருந்தது பெரிய லாரியில் அல்ல, பிக்கப் வண்டியில். ஷிப்ட் முடித்துவிட்டு நூறு மைல் தள்ளியுள்ள அறைக்கோ வீட்டுக்கோ போகிற பயணத்தை எந்தக் கருவியும் கணக்கெடுப்பதில்லை.

வேலை நிலைக்குமா என்பதும் டிரைவர் கையில் இல்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலருக்கு இறங்கியது. கிணறுகள் மூடப்பட்டன. வேலை முகாம்களும் லாரிகளும் காலியாகக் கிடந்தன.

விலை மீண்டது, ஆள்களுக்குப் பதில் இயந்திரங்களும் வரத் தொடங்கின. அட்லஸ் எனர்ஜி சொல்யூஷன்ஸ் என்ற மணல் நிறுவனம், டெக்சஸின் கெர்மிட் அருகிலிருந்து நியூ மெக்சிகோவுக்குள் 42 மைல் நீளத்துக்கு மணலைச் சுமந்து ஓடும் பட்டை ஒன்றை அமைத்து 2025-இல் ஓடவிட்டது. கோடியாக் நிறுவனத்தின் டிரைவர் இல்லாத லாரிகளும் அட்லஸுக்காகத் தனியார் புழுதிச் சாலைகளில் மணல் இழுக்கின்றன. அந்த லாரிகள் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றாலும் தூக்கம் கேட்காது, கூலியும் கேட்காது. நெடுஞ்சாலையில் மணல் லாரி குறைந்தால் உயிர்ச்சேதமும் குறையும் என்பதை மறுக்க முடியாது. வேலை குறையும் என்பதையும் மறுக்க முடியாது.

லாரி டிரைவர்களுக்கும் ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2022-இல் கொண்டுவரப்பட்டது, நிறைவேறவில்லை. 2023-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அப்போதும் நிறைவேறவில்லை. நிற்கும் நேரத்துக்கும் கூலி கொடுத்தாக வேண்டும் என்று வந்துவிட்டால், வரிசையைச் சுருக்கும் வழியை நிறுவனங்களே கண்டுபிடித்துவிடும்.