லேப்டாப் பேட்டரி மாத்தப் போறீங்களா? 6 செல்லா, 9 செல்லா... காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

காரைக்குடி என்றதும் அரண்மனை போன்ற வீடுகளும் ஆச்சி சமையலும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், பேட்டரி ஆராய்ச்சியில் நாடறிந்த ஊரும் இதுதான். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) இங்கேதான் இருக்கிறது.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் நிறுவனத்தைத் திறந்துவைத்தார். லித்தியம் அயான் பேட்டரியை இந்தியாவிலேயே தயாரிக்க, 2018 ஜூனில் ராசி சோலார் நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டதும் இதே சிக்ரிதான்.

அந்த லித்தியம் அயான் பேட்டரிதான் நம் வீட்டு லேப்டாப்பிலும் இருக்கிறது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு, கிராமத்து வீடுகளுக்கும் அது வந்துவிட்டது. சில வருடங்கள் ஓடியதும் பேட்டரி படுத்துவிடும். கடைக்குப் போனால், "சாதா பேட்டரி போதுமா, பெருசு போடட்டுமா?" என்று கேட்பார்கள். எதை வாங்குவது?

செல் கணக்கு என்ன?

கழற்றி மாட்டும் வகை லேப்டாப் பேட்டரிகள் பலவற்றுக்குள் 18 மி.மீ விட்டமும் 65 மி.மீ நீளமும் கொண்ட உருளை செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 3.7 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட். இப்படி இரண்டு வரிசை இருந்தால் 6 செல் பேட்டரி, மூன்று வரிசை இருந்தால் 9 செல் பேட்டரி. வோல்ட் மாறுவதில்லை, சேமிக்கும் மின்சாரம்தான் கூடுகிறது. அதனால்தான் அந்த மாடலுக்கென்றே செய்த 9 செல் பேட்டரி அதே லேப்டாப்பில் வேலை செய்கிறது.

எம்.ஏ.ஹெச் பார்த்து ஏமாறாதீங்க!

பேட்டரியின் உண்மையான கொள்ளளவைச் சொல்வது 'வாட் ஹவர்'. வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் இது கிடைத்துவிடும். 11.1 வோல்ட்டில் 3,000 எம்.ஏ.ஹெச் என்றால் 33 வாட் ஹவர். 14.8 வோல்ட்டில் 2,600 எம்.ஏ.ஹெச் என்றால் 38 வாட் ஹவர். எம்.ஏ.ஹெச் குறைவாக இருந்தாலும் இரண்டாவதுதான் பெரியது. ஆனால், உங்கள் லேப்டாப்புக்கு உரிய வோல்ட் எதுவோ அதைத்தான் வாங்க வேண்டும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 4,400 எம்.ஏ.ஹெச் கொண்ட 6 செல் பேட்டரி சுமார் 48 வாட் ஹவர். 6,600 எம்.ஏ.ஹெச் கொண்ட 9 செல் பேட்டரி சுமார் 73 வாட் ஹவர். லேப்டாப் மணிக்கு 12 வாட் ஹவர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவது 4 மணி நேரமும் இரண்டாவது 6 மணி நேரமும் தாங்கும்.

பெரியதின் மறுபக்கம்

கூடுதலாக வரும் மூன்று செல்கள் ஏறக்குறைய 140 கிராம் எடை. பேட்டரி பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது லேப்டாப்பை அடியில் தூக்கிவிடும். பழைய பையில் நுழையாமலும் போகலாம்.

முக்கியமான விஷயம், பேட்டரி சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகும். எப்போதும் 100 சதவிகித சார்ஜில், சூட்டில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் தேயும். சிவகங்கைச் சீமை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாள் முழுக்க ப்ளக்கில் சொருகியே வேலை பார்ப்பவர் பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்தான்.

யாருக்கு எது?

வீட்டிலோ கடையிலோ மேஜை மேல் வைத்து வேலை செய்பவருக்கு 6 செல் போதும். தினமும் கல்லூரிக்கு எடுத்துப்போகிறவர், கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் இருப்பவர், ப்ளக் பாயின்ட் கிடைக்காத ரயில், பஸ் பயணங்களில் வேலை பார்ப்பவர் 9 செல் வாங்கலாம். ஒரே வேலைக்கு இதில் சார்ஜ் குறைவாகவே இறங்கும் என்பதால், தேய்மானமும் மெதுவாக இருக்கும்.

எப்போதாவது மட்டும் நீண்ட பயணம் என்றால், இரண்டு சாதா பேட்டரிகள் வைத்துக்கொள்வதும் ஒரு வழி. விமானத்தில் ஸ்பேர் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் ஹவருக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

புது லேப்டாப் வாங்குகிறீர்களா?

இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பின்னால் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம் என்பது பலவற்றில் நடக்காது. அதனால், வாங்கும்போதே வாட் ஹவரைக் கேளுங்கள். சில மாடல்களில் பெரிய பேட்டரி எடுத்தால், கூடுதல் ஹார்ட் டிஸ்க் போடும் இடம் போய்விடும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* முதலில் பேட்டரிதான் கோளாறா என்று பாருங்கள். விண்டோஸில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்தால், தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் தெரியும். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம்.

* விலையை வாட் ஹவரால் வகுத்துப் பாருங்கள். எது லாபம் என்று அப்போது தெரியும்.

* லேபிளில் ஐ.எஸ் 16046 என்ற தர எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத மலிவு பேட்டரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் சரியில்லை என்றால், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

* டச்பேட் மேலே எழும்பினாலோ, லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பினாலோ, உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். ஊசியால் குத்தவோ, அழுத்தவோ கூடாது.

* பழைய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாங்கும் கடையிலேயே கேட்டு ஒப்படையுங்கள்.

எதை வாங்கினாலும், லேப்டாப் செட்டிங்கில் 80 சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால், வீட்டில் இருக்கும்போது ஆன் செய்துவையுங்கள். மெத்தை, தலையணை மேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். காசு செலவில்லாமல் பேட்டரியின் ஆயுளைக் கூட்டும் வழி இதுதான்!