உறை ஒத்துக்கொள்ளவில்லையா?

கண்ணமங்கலம் மாதிரி ஊரில் ஆணுறை வாங்கவே கூச்சம். போட்டால் அரிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? பலர் சத்தமில்லாமல் உறையையே விட்டுவிடுகிறார்கள். தப்பு அங்கேதான்.

1968-இல் அரசு கொண்டுவந்த நிரோத் ஆகட்டும், கடையில் விற்பவை ஆகட்டும், பெரும்பாலும் ரப்பர் மரத்துப் பாலில் செய்தவை. அதைத்தான் லேடெக்ஸ் என்கிறோம். அதிலுள்ள புரதம் சிலருக்கு ஆகாது. ஆணுக்கும் வரலாம், பெண்ணுக்கும் வரலாம். சில நிமிடங்களில் அரிப்பு, தடிப்பு, வீக்கம் என்றால் புரதத்தின்மேல் சந்தேகம். ஓரிரு நாள் கழித்துச் சிவந்து தோல் உரிந்தால், ரப்பரைப் பதப்படுத்தும் ரசாயனம் காரணமாகலாம். வாசனைக்கும் வழவழப்புக்கும் தடவியதுகூடச் சிலருக்கு எரியும்.

பலூன் ஊதினால் உதடு தடிக்கிறதா? ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறதா? வாழைப்பழமோ பப்பாளியோ தின்றால் வாய் நமநமக்கிறதா? ஆமாம் என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள், வேலூர் பக்கம்தானே. அலர்ஜி உறுதியானால், பல் பிடுங்கப் போனாலும் பிரசவத்துக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே போடும் கையுறையும் லேடெக்ஸாக இருக்கலாம். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாற்று உறை இருக்கிறது. பாலிஐசோப்ரீன் உறையும் ரப்பர்தான், ஆனால் ஆலையில் செய்தது. மரத்தின் புரதம் அதில் கிடையாது. ரசாயனமும் ஆகாதவர்களுக்குப் பாலியூரித்தேன் உறை உண்டு. பெண்கள் போட நைட்ரைல் உறை இருக்கிறது. விலை கூடுதல்; இங்கே கிடைக்காவிட்டால் வேலூர்க் கடைகளில் கேட்கலாம். ஒன்று கவனம்: வீட்டுத் தேங்காய் எண்ணெய் பட்டால் லேடெக்ஸும் பாலிஐசோப்ரீனும் நைந்து கிழியும்.

குழந்தையைத் தள்ளிப்போடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச வழிகள் உண்டு. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ பத்து வருஷம் தாங்கும். அந்தாரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. லக்னோ ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஆனால் இவற்றில் எதுவும் எச்.ஐ.வி.யையோ மற்ற பால்வினை நோய்களையோ தடுக்காது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். நோய்க்கும் சேர்த்துக் காப்பு வேண்டுமென்றால் உறைதான் வழி. லேடெக்ஸ் ஆகாதவர்கள் அட்டையில் 'நான்-லேடெக்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.